வடக்குக் காற்றில் எண்பத்தொரு காலடி

அண்ணா,

பந்து காய்ந்துவிட்டது. ஒரு மாதமாக அதை உங்களுடைய நீளக் காலுறைக்குள் போட்டு, என் கட்டிலுக்குக் கீழே, பழைய பாடப் புத்தகப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். தோல் மணமும் உப்பு மணமும் வந்தன. தையல் நூலுக்குள் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. தோல் இறுகிப் போய், நகத்தால் தட்டினால் மரம் மாதிரிச் சத்தம் கேட்கிறது. இனி இந்தப் பந்தை யார் அடித்தாலும் தூரம் போகாது என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

போர்வைக்குள் ரோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் இன்னும் நித்திரை கொள்ளவில்லை. கட்டில் சத்தம் கேட்கிறது. இங்கு வந்த பிறகு நான் தமிழ் எழுதியதே குறைவு. ஆங்கிலத்தில் எழுதினால் அம்மா எடுத்து வாசிக்க மாட்டா, எனக்குப் பாதுகாப்பு. ஆனால் உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. உங்களுடன் நான் ஒருநாளும் ஆங்கிலத்தில் கதைத்ததில்லையே.

இன்று பின்னேரம் ரெலிபோன் வந்தது. அப்பா எடுத்தார். "யெஸ், யெஸ்" என்று நாலைந்து தரம் சொன்னார். பிறகு பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு ஒரு துண்டில் எழுதினார். சாப்பிடும்போதுதான் கேட்டார்.

"பிள்ளை, அண்ணா ஏதும் ரீமில இருந்தவனோ?"

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது அப்பா" என்றேன்.

"ஒரு ஆள் கதைச்சவர். தன்ரை ரீமில விளையாடின பெடியனாம். அவன்ரை மட்டையும் சட்டையும் தன்னட்டைக் கிடக்காம். நாளைக்குக் கொண்டு வரட்டோ எண்டு கேட்டார்."

"ஆள் மாறி எடுத்திருப்பாங்கள்," என்றா அம்மா. "இவன் எங்க விளையாடப் போனவன்? சனிக்கிழமை முழுக்க லைப்ரரியில கிடந்த பிள்ளை."

"பேரைச் சரியாச் சொன்னவர்."

அப்பா சொதியைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

நாளைக்கு உங்கள் முப்பத்தோராம் நாள். காலையில் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை. அதைச் செய்ய ஒடாஹுஹுவிலிருந்து ஒரு ஃபிஜிக்காரப் பண்டிதர் வருகிறார்; அவருக்கு எங்கள் முறை தெரியாது, அப்பா எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பின்னேரம் உங்கள் படத்துக்கு முன்னால் படையல். அந்த நேரம்தான் ரெலிபோனில் கதைத்த உங்கள் ரீம் கப்டன் வருகிறார். வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் பாறையில் சறுக்கி விழவில்லை என்பது தெரியும். நூல்நிலையத்தில் நீங்கள் படித்த சனிக்கிழமைகள் எல்லாம் என் வாயிலிருந்து வந்தவை என்பது தெரியும். பந்தை அந்தப் பக்கம் அடிக்கச் சொன்னது யார் என்பதும் தெரியும். கப்டன் கெட்டவர் அல்ல. அவர் எங்களுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அதைச் சொல்லுவார்.

அந்த மனிதரை முதல்முதல் கண்ட நாள் நினைவிருக்கிறதா? முந்தின கோடை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பூங்காவில் நான் ரெனிஸ் பந்து எறிய, நீங்கள் உடைந்த கிரிக்கெற் மட்டையால் அடித்துக்கொண்டிருந்தீர்கள். பாண் கொண்டுபோகிற வான் வண்டி ஒன்று வந்து நின்றது. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, இந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாவோரிக்காரர். கண்ணாடியை இறக்கிவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்களுக்குப் பின்னால் ஒளிந்தேன். கொழும்பில் கலவரத்தின்போது எங்கள் வாசலில் லொறி வந்து நின்றதிலிருந்து, வண்டி நின்றால் எனக்குப் பயம். அவர் கேட்டது ஒன்றுதான்: "புரோ, சனிக்கிழமை என்ன செய்கிறாய்? எனக்கு ஓர் ஆள் குறைகிறது."

அப்படித்தான் நீங்கள் சொஃப்ட்போல் ஆடப் போனீர்கள்.

அப்பாவிடம் கேட்டுப் பார்த்தீர்கள். கேட்காமல் போகவில்லை. அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "முதல் கம்பஸ். யூனிவர்சிற்றி கிடைச்ச பிறகு எந்த மண்ணில வேணுமெண்டாலும் உருளு." கொழும்பில் பாலம் கட்டிய எஞ்சினியர், இங்கே தொழிற்சாலைக் களஞ்சியத்தில் ஆணிப் பெட்டிகளை எண்ணுகிறார். அவரோடு வாதாட உங்களுக்கு மனம் வரவில்லை. அறைக்குள் வந்து என்னைப் பார்த்தீர்கள்.

"லைப்ரரிக்கு நானும் நீயும் போறம். சரியே?"

"பொய்யோ அண்ணா?"

"அரைவாசிதான். அரை மணித்தியாலம் உண்மையா லைப்ரரியில இருப்பம்."

அந்த அரை மணித்தியாலத்தை நீங்கள் ஒருநாளும் குறைக்கவில்லை. ஒனிஹங்கா நூல்நிலையத்தில் நீங்கள் பௌதிகக் கணக்குச் செய்வீர்கள். நான் அலுமாரிகளுக்கு நடுவே நடப்பேன். அங்கேதான் அந்தப் பழைய அமெரிக்கப் புத்தகம் கிடைத்தது. பேஸ்போல் பற்றியது. எங்கள் சொஃப்ட்போலுக்கு அது மூத்த அண்ணன் மாதிரி. அதில் பந்து சின்னது, திடல் பெரியது, கையை மேலே தூக்கி எறிவார்கள். ஒரு பக்கத்தில் ஆறு திடல்களின் கோட்டுப் படங்கள் இருந்தன. அடிப்பவன் ஓடித் தொடவேண்டிய தளங்களுக்கு இடையிலான தூரம் எல்லாப் படத்திலும் ஒன்றுதான். வேலி மட்டும் ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு தூரத்தில் நின்றது. ஓர் இடத்தில் வேலி கிட்ட, ஆனால் உயரம். இன்னோர் இடத்தில் வேலியே கண்ணுக்குத் தெரியாத தூரம். ஒரே அடி, ஓரிடத்தில் பிடிபட்டு ஆள் வெளியே போவான். மற்ற இடத்தில் அதுவே வேலி தாண்டும்.

உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பார்த்தீர்கள்.

"அப்ப ஆள் அதே ஆள்தான். நிக்கிற இடம்தான் மாறுது," என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு இதை ஆராவது சொல்லவேணும்," என்றீர்கள். நாங்கள் சொல்லவில்லை.

அடுத்த கிழமை எங்கள் திடலை நான் அளந்தேன். ஆட்டம் தொடங்க முன்னரே போய், அடிப்பவன் நிற்கிற தட்டிலிருந்து பெரிய காலடியாக எடுத்து வைத்தேன். உங்கள் ஆட்கள் வாயில் விரல் வைத்து விசிலடித்தார்கள்.

"எடியே, உனக்கென்ன விசரோ? காணி வாங்கப் போறியோ?" என்று கேட்டீர்கள்.

"நீங்கள் அடிக்கிறதெல்லாம் இடது பக்கம்தான் போகுது. அங்க நூற்றுநாலு காலடி. அதுக்குப் பிறகும் வேலி இல்லை, பைன் மரந்தான். எல்லாத்தையும் ஓடிப் பிடிக்கிறாங்கள்."

"வலது பக்கம்?"

"எண்பத்தொண்டு. அங்க வேலி இருக்கு."

நீங்கள் வலது பக்கம் பார்த்தீர்கள். கம்பி வேலி. அதற்கு அப்பால் பாறைக்கட்டு. அதற்கு அப்பால் மனுகாவ் துறைமுகக் கடல். அன்றைக்குக் கடல் வற்றிக் கிடந்தது, வெறும் சேறு. இருபத்துமூன்று காலடி குறைவு. அப்படியானால் ஏன் ஆட்கள் அந்தப் பக்கம் அடிப்பது குறைவு என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியவில்லை. அதற்குத்தான் கொப்பி தொடங்கினேன்.

மூன்று சனிக்கிழமையில் விளங்கிவிட்டது. இந்த ஊரில் முக்கால்வாசி நாளும் தென்மேற்குக் காற்று. அது கடலிலிருந்து நேரே அந்த வேலிக்கு மேலாக வந்து, அடிப்பவனின் முகத்தில் விழும். வலது பக்கம் உயர அடித்த பந்து எல்லாம், எண்பதுக்குப் போகவேண்டியது, அறுபதில் விழுந்தது. அந்தக் கிட்ட வேலியைக் காற்றுத்தான் காவல் காத்தது.

கொப்பியில் பத்திகள் போட்டேன். காற்றின் திசை. காற்றின் வேகம், அதாவது கொடிக்கம்பத்துத் துணி தொங்குகிறதா, அசைகிறதா, விறைத்து நிற்கிறதா. வெயிலா குளிரா. புல் ஈரமா. பந்து புதிதா பழையதா. உங்கள் ஒவ்வொரு அடியும் எத்தனையாவது காலடியில் விழுந்தது. குளிர் நாளில் அலுமினிய மட்டை கையைக் கடிக்கும் என்பீர்கள். அன்றைக்கு எல்லா அடியும் ஐந்தாறு காலடி குறைந்தது. நனைந்த பந்து இன்னும் குறைந்தது. வெயில் ஏறிய பின்னேரங்களில் அதே பந்து அலுங்காமல் போனது.

ஒரு நாள் தெற்குக் காற்றுப் பிய்த்துக்கொண்டு அடித்தது. நான் வேலியோரம் நின்று, "அண்ணா, இண்டைக்கு உயர அடிக்காதேங்கோ. தாழ அடியுங்கோ, ஆக்களுக்கு நடுவால," என்று கத்தினேன். நீங்கள் தாழ அடித்தீர்கள். பந்து இரண்டு பேருக்கு நடுவால் புல்லை வெட்டிக்கொண்டு போக, நீங்கள் இரண்டு தளம் ஓடினீர்கள். கப்டன் தொப்பியைக் கழற்றி எனக்குத் தலை குனிந்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் வெதர் ஒஃபிஸ். நான் வேலியருகே வந்தால், "எல்லாரும் எழும்புங்கள், வெதர் ஒஃபிஸ் வந்துவிட்டது" என்பார். ஆட்டம் முடிய வினாகிரி ஊற்றிய சிப்ஸில் முதல் பங்கு எனக்கு. இந்த நாட்டில் என்னை ஒருவர் பார்த்தவுடன் சிரித்தது அங்கேதான்.

நான் ஒரு தரமாவது அடிக்க வேண்டும் என்று நீங்கள் மட்டையைக் கையில் தந்தீர்கள். அதன் பிடிக்கு நீங்களே நீல ரேப் சுற்றியிருந்தீர்கள். பந்து வரும்போது நான் கண்ணை மூடினேன். மூன்று தரமும் மூடினேன்.

"எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணா."

"பயந்துகொண்டும் அடிக்கலாம்," என்றீர்கள். "கண்ணை மூடிக்கொண்டுதான் அடிக்கேலாது."

நாலாவது பந்து மட்டையின் நுனியில் பட்டது. நாலு காலடி உருண்டது. அதையும் கொப்பியில் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். இருக்கிறது.

உங்கள் ரீமில் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல பந்துகள் அவர்களிடம் இரண்டு மூன்றுதான். அதனால் வேலியைத் தாண்டி அடிப்பவன்தான் போய் எடுத்துவர வேண்டும். மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அவன் வேலியேறிப் போவதையும் சேற்றில் கால் புதைய நடப்பதையும் பார்த்துக் கைதட்டுவார்கள். பந்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவன் திரும்பி வரும்போது கப்டன் கை கொடுப்பார். அது தண்டனை மாதிரி இருக்கும், உண்மையில் மரியாதை. நீங்கள் அந்த மரியாதைக்கு ஒரு வருடம் காத்திருந்தீர்கள். உங்கள் அடி ஒன்றும் வேலி தாண்டவில்லை.

மாசி மாதம் முடியும்போது நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். காற்று வடக்கிலிருந்து வரும் நாட்களும் உண்டு. மழைக்கு முன்னால் வரும். வெக்கையாக, உடம்பு பிசுபிசுக்கும். அந்தக் காற்று அடிப்பவனின் முதுகிலிருந்து வலது வேலியைப் பார்த்துப் போகும். அந்த நாட்களில் மழை வந்து ஆட்டம் நின்றுவிடுவதால், அதை ஒருவரும் கவனிக்கவில்லை. வடக்குக் காற்று அடிக்கிற நாளில் அந்த எண்பத்தொரு காலடிக்குக் காவல் இல்லை.

கப்டனிடம் சொன்னோம். அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் அவரைப் போலவே குரலைத் தடிப்பாக்கி, தமிழில் சொல்லிக் காட்டினீர்கள்: "ஈரக் காத்துப் பாரமாம் பிள்ளை. பந்து அதுக்குள்ளால நீந்தவேணுமாம். நான் இருவது வருசமா அடிக்கிறன், நீ கொப்பியைக் கொண்டு வாறாய் எண்டுறார்."

நான் விஞ்ஞான ரீச்சரிடம் கேட்டேன். அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். நீராவி மற்றக் காற்றைவிடப் பாரம் குறைந்தது. ஈரக் காற்று பாரமில்லை, கொஞ்சம் இலேசு. வெக்கையும் சேர்ந்தால் இன்னும் இலேசு. பந்து நனையாமல் இருந்தால் போதும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். "என்ரை தங்கச்சி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று நீங்கள் கப்டனுக்குச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் சிரித்துவிட்டு, கடைசி ஆட்டத்துக்கென்று வாங்கிய இரண்டு புதுப் பந்தில் ஒன்றை உங்களிடம் தந்தார். கைக்குப் பழகட்டும், தொலைக்காமல் கொண்டுவா என்றார்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து படியில் கால் வைக்கும்போதே எனக்குத் தெரிந்தது. கழுத்தில் வியர்வை. அம்மா காயப்போட்ட சீலை கடல் பக்கம் பறந்தது. நீங்கள் மேசையில் இருந்தீர்கள்.

"அண்ணா, வடக்கு."

"நாளைக்குப் பாப்பம். எனக்குக் கணக்கு முடியேல்லை."

"நாளைக்கு மழை வந்தா? இண்டைக்குத்தான் பாக்கலாம். கொஞ்ச நேரம்."

"பிள்ளை, அப்பா வாற நேரம்."

"வெள்ளிக்கிழமை லைப்ரரி பிந்தித்தான் பூட்டுறது. நான் சொல்லுறன் அப்பாவுக்கு."

இதை யாரும் கேட்கவில்லை, அண்ணா. கப்டனுக்கும் இது தெரியாது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் பென்சிலை வைத்துவிட்டு எழும்பினீர்கள்.

திடலில் ஒருவரும் இல்லை. புதுப் பந்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, உள்ளங்கை ஈரம்கூடப் படாமல் வைத்திருந்தேன். முதலில் பழைய பந்து மூன்றைத் தாழக் கையால் எறிந்தேன். நீங்கள் காத்திருந்து, பிந்தி மட்டையை வீசி, வலது பக்கம் அடித்தீர்கள். அறுபத்தெட்டு. எழுபத்திரண்டு. எழுபது. மூன்றும் புல்லில் ஊறிய பந்துகள். பிறகு பையை அவிழ்த்தேன்.

சத்தத்திலேயே தெரிந்தது. நீங்கள் ஓடவும் இல்லை. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பந்து ஏறியது, பிறகு இறங்க மறந்தது போல் போய்க்கொண்டே இருந்தது. வேலிக்கு மேலால் போனது. பாறைக்கட்டுக்கு மேலாலும் போனது. தண்ணீரில் வெள்ளையாக ஒரு பொட்டுத் தெறித்தது.

"சொன்னனே?" என்று நான் துள்ளினேன்.

"சொன்னாய், வெதர் ஒஃபிஸ்." நீங்கள் மட்டையைத் தட்டின் மேல் மெல்ல வைத்தீர்கள். அப்படி வைத்து நான் முன்பு பார்த்ததில்லை. "அடிச்சவன்தான் எடுக்கவேணும்," என்றீர்கள். சிரித்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தீர்கள். பார்க்க ஆளில்லை என்று நான் தனியாகக் கைதட்டினேன்.

அன்றைக்குக் கடல் வற்று இல்லை. நிரம்பி நின்றுவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. பந்து கிட்டத்தான் மிதந்தது, எட்டிப் பிடிக்கலாம் போல. நீங்கள் இடுப்பளவில் போனீர்கள். பந்து கொஞ்சம் விலகியது. மார்பளவில் போனீர்கள். இன்னும் விலகியது. பிறகு நீந்தினீர்கள், சப்பாத்தோடு, ஜீன்ஸோடு. உங்களுக்கு நீச்சல் தெரியும் என்று நான் பயப்படவில்லை. பயப்படுகிற நான் அன்றைக்கு மட்டும் பயப்படவில்லை. நீங்கள் பந்தைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினீர்கள். பிறகு, "பிடி" என்று கரைக்கு எறிந்தீர்கள். காற்றுக்கு எதிராக வந்ததால் அது என்னிடம் வராமல் பாறையில் பட்டு, இடுக்கில் விழுந்தது. நான் அதை எடுக்கக் குனிந்தேன். பந்து சிக்கியிருந்தது, இரண்டு கையாலும் இழுத்தேன்.

நிமிர்ந்தபோது நீங்கள் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

ரோட்டுக்கு ஓடினேன். ஒரு கார் நின்றது. இரண்டு பேர் வந்தார்கள், பிறகு பொலிஸ், பிறகு படகு. அடுத்த நாள் காலை, மழைக்குள், சதுப்பு மரங்கள் நிற்கிற கரையில் உங்களை எடுத்தார்கள்.

பொலிஸ்காரர் என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றார். நான் வாய் திறக்க முன் அப்பா தமிழில் கேட்டார்: "லைப்ரரிக்குத்தானே போனீங்கள்?" நான் "ஓம் அப்பா" என்றேன். ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்த ஓம் தானாக வந்தது. அது வந்த பிறகு மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் வந்தன. கடல் பார்க்கப் போனோம். பாறை வழுக்கியது. அண்ணா சறுக்கி விழுந்தார். பந்து என் மழைக்கோட்டுக்குள் இருந்தது. அதன் ஈரம் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது. மட்டை தட்டின் மேல் கிடந்ததை நான் மறந்துவிட்டேன். அதைக் கப்டன் எடுத்திருக்கிறார்.

இந்த ஒரு மாதமும் நான் அழவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை உறைஞ்சு போனாள்" என்று வருகிறவர்களிடம் சொல்கிறா. பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், வருகிறேன். காலையில் கதவைத் திறந்ததும் விரலை எச்சில்படுத்திக் காற்றில் பிடிக்கிறேன். நிறுத்த நினைத்தாலும் கை போகிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறேன். எந்த வெளியைக் கண்டாலும் எத்தனை காலடி என்று கால் கேட்கிறது.

கொப்பியை நேற்று முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. வேலி சரி. காற்றுச் சரி. ஈரம் சரி. உங்கள் கடைசி அடியை மட்டும் இன்னும் எழுதவில்லை. ஆறு பத்தி போட்டிருந்தேன். கடல் ஏற்றமா வற்றா என்று ஒரு பத்தி இல்லை. பந்தை வேலிக்கு மேலால் கொண்டுபோகிற காற்று, தண்ணீரில் விழுந்த பிறகும் அதைக் கொண்டுபோகும் என்று நான் யோசிக்கவில்லை. அதே காற்று, அதே பக்கம். பந்து வேலி தாண்டினதும் என் கணக்கு முடிந்துவிட்டது.

இன்று சாப்பிட்ட பிறகு அம்மாவும் அப்பாவும் குசினியில் மெல்லக் கதைத்தார்கள்.

"அந்தக் கடலுக்கு நான் வரமாட்டன்," என்றா அம்மா.

"இந்த ஊருக்கு ரெண்டு பக்கமும் கடல்தானே. மற்றப் பக்கம் போவம்," என்றார் அப்பா.

பிறகு அம்மா நாளைய படையலுக்கு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தா. வறுத்த கத்தரிக்காய், நீங்கள் சட்டியோடு சாப்பிடுகிற பால்கறி, கடையில் வாங்கிய இஞ்சி பிஸ்கற். பண்டிதர் சொன்ன முறைக்கு இல்லை, எங்கள் முறைக்கு: போனவருக்குப் பிடித்ததெல்லாம் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். ஒன்றும் விடுபடக் கூடாது. விடுபட்டால் அதைத் தேடிக்கொண்டு நிற்பார்கள் என்று அம்மா நம்புகிறா. துணியால் தட்டை மூடிவிட்டு என்னிடம் திரும்பினா.

"யோசிச்சுச் சொல்லு பிள்ளை. அண்ணாவுக்கு வேற என்ன பிடிக்கும்? நீதானே எப்பவும் அவனோட திரிஞ்சனி."

"தெரியாதம்மா" என்று வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போனா. அவ கையில் மஞ்சள் மணத்தது.

யோசித்துவிட்டேன், அண்ணா. இந்த வீட்டில் உங்களுக்குப் பிடித்ததைத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். கப்டன் வந்து அறிமுகமில்லாத வாயால் சொல்வதற்கு முன், அவர்கள் என் வாயால் கேட்க வேண்டும். அப்பா என்ன செய்வார் என்று தெரியாது. அடித்தால் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் களஞ்சியத்துக்குப் போய்ப் பெட்டிகளை எண்ணினால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா இனி என் தலையைத் தடவுவாவோ என்றும் தெரியாது. எனக்குச் சரியான பயமாக இருக்கிறது. கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன்.

கொப்பியில் ஏழாவது பத்திக்குக் கோடு போட்டுவிட்டேன். கடைசி வரியையும் எழுதிவிட்டேன். வடக்கு. விறைத்த கொடி. வெக்கை. காய்ந்த புதுப் பந்து. எண்பத்தொன்றுக்கு மேலே, அளக்க முடியவில்லை. கடல் இறக்கம். அடிக்கச் சொன்னது நான் என்று அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.

இப்போது போய், துணியை விலக்கி, பால்கறிக்கும் பிஸ்கற்றுக்கும் நடுவில் பந்தை வைக்கப் போகிறேன். அதற்குக் கீழே கொப்பி. இந்தக் கடிதத்தையும் கொப்பிக்குள் வைக்கிறேன். விடிய விளக்கேற்ற அம்மாதான் முதல் வருவா. நான் பக்கத்தில் நிற்பேன்.

யன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். இன்றைக்குத் தென்மேற்குக் காற்று, அண்ணா. நல்ல குளிர். இந்தக் காற்றில் தண்ணீரில் விழுந்த பந்து தானாகவே கரைக்கு வந்துவிடும்.